டாக்டர் பதில்கள்: பாரீஸ் மாப்பிள்ளையும் அமெரிக்க மாப்பிள்ளையும்

கேள்வி: என் பெரிய மாப்பிள்ளை பாரீஸில், சின்னவர் நியூஜெர்சியில். பொங்கலுக்கு வந்த இடத்தில் இருவருக்கும் வாக்குவாதம். நேரத்துக்கு வைத்தியம் கிடைத்தால் பிழைக்கக்கூடியவர்கள் சாவது அமெரிக்காவில்தான் அதிகம் என்கிறார் பெரியவர். பேர்பெற்ற ஆஸ்பத்திரியெல்லாம் எங்களிடம்தானே இருக்கிறது என்கிறார் சின்னவர். யார் சொல்வது சரி?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மாப்பிள்ளைகள் சண்டையில் தலையிடக் கூடாதுதான். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். பெரியவர் பக்கம் கணக்கு இருக்கிறதம்மா.

நோல்டி, மெக்கீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் 19 வசதியான நாடுகளை ஒப்பிட்டு எழுதினார்கள். 75 வயதுக்குள், சரியான வைத்தியத்தால் தடுத்திருக்கக்கூடிய சாவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2002-03-ல் லட்சம் பேருக்கு பிரான்ஸில் சுமார் 65, அமெரிக்காவில் சுமார் 110. பிரான்ஸ் முதலிடம், அமெரிக்கா கடைசி. அதற்கு ஐந்து வருடம் முன்னால் பார்த்தால் 76, 115. மற்ற நாடுகள் மளமளவென்று குறைத்த காலத்தில் அமெரிக்கா நகர்ந்தது 4 சதவீதம்தான். பிரான்ஸ், ஜப்பான், ஆஸ்திரேலியா அளவுக்கு வந்திருந்தால் அங்கே வருடத்துக்கு ஒரு லட்சம் பேர் பிழைத்திருப்பார்கள்.

துப்பாக்கிச் சூட்டையும் கார் விபத்தையும் சேர்த்தால் அப்படித்தான் வரும் என்பார் சின்னவர். அவை இதில் இல்லை. நுரையீரல் புற்றுநோயும் இல்லை, அது பீடி சிகரெட் விவகாரம். குடல்வால் வெடித்துச் சாவது, 50 வயதுக்குள் சர்க்கரையால் சாவது, மார்பகப் புற்றுநோய், நிமோனியா, இந்த மாதிரிதான் பட்டியல். மாரடைப்பில் பாதியைத்தான் சேர்த்தார்கள். மறுபாதி நாம் சாப்பிடுவதும் புகைப்பதும்.

ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிது என்பதைவிட அதன் வாசலுக்கு எப்போது போகிறோம் என்பதுதான் இங்கே பேச்சு. புதுச்சேரியில் என்னிடம் வரும் ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்) வீட்டுப் பெரியவர், பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்தால் பையைத் திறந்து மேஜைமேல் கொட்டுவார். சர்க்கரை மாத்திரைப் பெட்டிகள், ஆறு மாத ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், 'கார்த் வித்தால்' என்ற பச்சை நிற அரசுக் காப்பீட்டு அட்டை. சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டர் பீஸில் 70 சதவீதம் அரசுக் காப்பீட்டிலிருந்து திரும்பி வரும். சர்க்கரை, புற்றுநோய் மாதிரி நீண்டநாள் வியாதி என்றால் அதற்கான செலவு முழுக்க அவர்கள் பொறுப்பு. அதனால் அவர் மாத்திரையை விடுவதில்லை. (உப்பு நார்த்தங்காயையும் விடுவதில்லை, அது வேறு கதை.)

அமெரிக்காவில் அரசுக் காப்பீடான மெடிகேர் பெரும்பாலோருக்கு 65 வயதில்தான். அதுவரை பலருக்கும் வேலை இருந்தால் காப்பீடு, வேலை போனால் அதுவும் போகும். அந்த ஆய்வுக் காலத்தில் காப்பீடே இல்லாதவர்கள் 4 கோடிக்கும் மேல். அப்படிப்பட்டவர் இன்சுலினை இழுத்துப்பிடித்துப் போடுவார், மார்பில் கட்டி தெரிந்தாலும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்.

பெரிய மாப்பிள்ளை ரொம்பத் துள்ளினால் 2003 ஆகஸ்ட் வெயிலை நினைவூட்டுங்கள். பிரான்ஸில் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள், பெரும்பாலும் 75 தாண்டிய முதியவர்கள். இந்தக் கணக்கு அவர்களைத் தொடவே இல்லை.

கேள்வி: சரி டாக்டர், நம் நாட்டுக் கதை?
- அதே வாசகி

பதில்: லான்செட் இதழில் 2018-ல் வந்த கணக்குப்படி, இந்தியாவில் வருடத்துக்கு 24 லட்சம் பேர் இப்படிச் சாகிறார்கள். ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள் அதில் எட்டு லட்சம் சொச்சம். மற்ற 16 லட்சம் பேர் போனார்கள், கிடைத்த வைத்தியம் சரியில்லை. அதனால் நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, போன இடத்தில் முதலில் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.