தடைக்கால லீவில் தீம் பார்க்: சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடம். கணவர் ராமேஸ்வரம் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறார், கூலி இல்லை, வருமானத்தில் பங்குதான். வரும் மே மாதம் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு சென்னையில் ஒரு தீம் பார்க் போக ஆசை. ரயிலுக்கும் நுழைவு டிக்கெட்டுக்கும் பணம் இருக்கிறது. ஆனால் போன வருடம் போய் வந்த நாத்தனார் வீட்டில், "சாப்பாட்டிலேயே காசு கரைந்துவிட்டது" என்கிறார்கள். மாமியாருக்குச் சுகர் வேறு. எவ்வளவு வைப்பது, எப்படிச் சேர்ப்பது?

பதில்: உங்கள் வீட்டில் லீவு வருவதும் வருமானம் நிற்பதும் ஒரே நேரத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வீட்டு அரிசி, பருப்புக்கானது. அதில் கை வைக்காதீர்கள். சாப்பாட்டுப் பணம் தடைக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும்.

ஜனவரியிலிருந்து படகு போய் வந்து பங்கு கைக்கு வரும்போதெல்லாம் 150 ரூபாயை ஒதுக்குங்கள். காற்று, ஸ்டிரைக் என்று சில நாள் போனாலும் 30 தடவை தேறினால் 4,500 ரூபாய். இதற்குப் போய் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. போட வேண்டாம். அது 5 வருடக் கணக்கு, 3 வருடம் ஆகாமல் முடிக்கவும் முடியாது. சாதாரண சேமிப்புக் கணக்கு போதும்.

இனி செலவு. ரயிலில் இரவுக்கு வீட்டுப் புளிச்சோறு, துவையல். (கருவாடு வேண்டாம், பெட்டியே திரும்பிப் பார்க்கும்.) காலையில் பார்க்குக்கு வெளியே சாதாரண ஹோட்டலில் ஐந்து பேரும் வயிறாரச் சாப்பிட 500 ரூபாய். மதியச் சாப்பாட்டைப் பார்க் உள்ளேதான் சாப்பிட வேண்டியிருக்கும். பெரும்பாலும் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. ஆளுக்கு 350 வீதம் 1,750 வையுங்கள். டிக்கெட்டோடு சாப்பாடும் சேர்ந்த காம்போ இருந்தால், தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். இரவு வெளியே வந்து சாப்பிட 900. ஆக 3,150.

மீதி 1,350 எதற்கு? நாத்தனார் வீட்டுக் காசு கரைந்தது மதியச் சாப்பாட்டில் இருக்காது. தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளைக்கு நாலு மணிக்குப் பசிக்கும் பாருங்கள், அங்கேதான். ஐஸ்கிரீம், பாப்கார்ன், ஜூஸ், மறுபடியும் ஐஸ்கிரீம். 'வேண்டாம்' என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் காலையிலேயே ஆளுக்கு 200 ரூபாயைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, இதுதான் இன்றைக்கு என்று சொல்லிவிடுங்கள். தன் காசு என்றால் யோசித்துத்தான் வாங்குவார்கள். பாக்கி 950 தண்ணீர், டீ, அவசரத்துக்கு.

மாமியாரை மதிய வரிசையில் நிற்க வைக்காதீர்கள். 12 மணிக்கே உட்கார்ந்துவிட்டால் கூட்டமும் இருக்காது, மாத்திரை நேரமும் தவறாது. மருந்தும் அவருக்கான பிஸ்கட்டும் கொண்டுவரலாமா என்று பார்க்குக்கு முன்பே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பில். மெனுவில் போட்டிருக்கும் விலைக்கு மேல் சாதாரண ஹோட்டலில் 5 சதவீதம் ஜிஎஸ்டி வரும், அது கட்டாயம். 'சர்வீஸ் சார்ஜ்' கட்டாயமில்லை. எடுத்துவிடச் சொல்லலாம், மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பியை விடக் கூடுதலாக வாங்கினால் சண்டை போட்டுப் பயனில்லை. உச்ச நீதிமன்றம் 2017-லேயே ஹோட்டல்களுக்கு அதை அனுமதித்துவிட்டது. காலிப் பாட்டில் இரண்டு எடுத்துப் போய், குடிநீர்க் குழாய் எங்கே என்று உள்ளே நுழைந்ததும் கேட்டுவிடுங்கள்.