சர்வரில் மெமரியைத் தின்பது யார்? கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒன்றைத்தான் சுற்றுகின்றன: லினக்ஸ் சர்வரில் பல ப்ராசஸாக (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) பிரிந்து ஓடும் ஒரு வேலைக்கு மொத்தம் எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி போகிறது? கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அண்ணா, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு பில்லிங் சர்வர் பார்க்கிறேன். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் 'டாப்' கட்டளையில் 30 பிஎச்பி வொர்க்கர் (வேலை செய்யும் ப்ராசஸ்), ஒவ்வொன்றும் 90 எம்பி. கூட்டினால் 2,700. மெஷினில் இருப்பதோ 2 ஜிபி. எப்படி?

கூட்டியதுதான் தப்பு, தம்பி. வரிசை வீட்டில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆளாளுக்கு "என் சுவர்" என்று எண்ணினால் சுவர் இரட்டிப்பாகிவிடும். 'டாப்' காட்டும் 'ரெஸ்' (ஒரு ப்ராசஸ் ராமில் பிடித்திருக்கும் இடம்) கணக்கு அப்படித்தான். அந்த 90-இல் 60 எம்பி எல்லா வொர்க்கருக்கும் பொதுவான ஆப்கேஷ் (பிஎச்பி தயாராக்கி வைத்திருக்கும் கோட்) என்று வையுங்கள். தனிப் பங்கு 30 பேருக்கும் சேர்த்து 900, பொதுவானது ஒரே ஒரு 60. ஆக 960 எம்பிதான்.

இந்தக் கணக்கை நாம் போடவே தேவையில்லை. லினக்ஸின் மையமான கெர்னலே குழுவாரியாக எழுதி வைத்திருக்கிறது. அதன் பெயர் சிகுரூப். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலிலிருந்து இருக்கிறது. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாம் பதிப்பு. பின்னணியில் ஓடும் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி, ஒவ்வொரு சர்வீஸையும் தனிக் குழுவில்தான் போடுகிறது. 'சிஸ்டம்டி-சிஜிடாப் -எம்' என்று அடியுங்கள். மெமரி அதிகம் பிடிக்கும் குழு மேலே வரும், பக்கத்திலேயே எத்தனை டாஸ்க் என்றும் இருக்கும்.

அடித்தேன். சிபியு பத்தியில் வெறும் கோடு. அப்புறம் பார்த்தால் 230 சதவீதம்!

இரண்டும் சரிதான். சிபியு கணக்கு இரண்டு அளவீட்டின் வித்தியாசம், அதனால் முதல் தடவை எண் இருக்காது. ஒரு கோருக்கு 100 என்பதால் நான்கு கோர் மெஷினில் 400 வரை போகும்.

மெமரியைப் பார்த்துத்தான் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்த எண்ணில் ஃபைல் கேஷும் (படித்த ஃபைல்களின் நகல்) சேர்த்தி. '/சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/சிஸ்டம்.ஸ்லைஸ்' கீழே உங்கள் சர்வீஸ் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் 'மெமரி.ஸ்டாட்' ஃபைலைத் திறந்து 'அனான்', 'ஃபைல்' இரண்டு வரியையும் பாருங்கள். 'ஃபைல்' பெரிதாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, நெருக்கடி வந்தால் கெர்னல் அதை விடுவித்துக்கொள்ளும். 'அனான்' (ப்ராசஸ் தனக்காக எடுத்த மெமரி) நாளுக்கு நாள் ஏறினால் லீக் (எடுத்த மெமரியைத் திருப்பித் தராத பிழை) இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிஜிஐடியும் (ப்ராசஸ் குழு எண்) சிகுரூப்பும் ஒன்றா? (செந்தூல், கல்லூரி மாணவி)

இல்லைம்மா. பிஜிஐடி ஷெல்லுக்கானது (நாம் கட்டளை தட்டும் இடம்), கன்ட்ரோல்-சி அடித்தால் யார் யாருக்குச் சிக்னல் போக வேண்டும் என்று சொல்ல. ப்ராசஸ் நினைத்தால் அதிலிருந்து கழன்றுகொள்ளும். சிகுரூப்பில் பிள்ளை ப்ராசஸும் அதே குழுவில்தான் பிறக்கும். எது எந்தக் குழு என்று பார்க்க: 'பிஎஸ் -இஓ பிஐடி,சிகுரூப்,கம்ம்'.

பினாங்கில் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தண்ணீர்மலை போவதை நேரலை செய்கிறோம். வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் நான்கு ஓடும், கூடவே பேக்கப்பும் ஓடும். டெர்மினலில் ஆரம்பிப்பதால் எல்லாம் ஒரே குழுவில் கலந்துவிடுகிறது.

ஆரம்பிக்கும்போதே பிரித்துவிடுங்கள். நான்கையும் தொடங்கும் ஸ்கிரிப்ட்டுக்கு முன்னால் 'சிஸ்டம்டி-ரன் --யூனிட்=ரதம்' போட்டால் அதற்கென்று ஒரு குழு. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ரதம்' கேட்டால் மெமரி, டாஸ்க், சிபியு மூன்றும் வரும். பேக்கப்புக்கும் இப்படியே, ஆனால் கூடவே '-பி சிபியுகோட்டா=50%' சேருங்கள். அரை கோருக்கு மேல் அதற்குக் கிடைக்காது.

நேரலைக்கு மட்டும் 'மெமரிமேக்ஸ்' வைக்காதீர்கள். எல்லை தாண்டினால் கெர்னல் ப்ராசஸைக் கொன்றுவிடும், ரதம் பாதி வழியில் இருக்கும்போது திரை கறுத்துப்போகும். கடிவாளம் பேக்கப்புக்குத்தான்.

ராத்திரி 2 மணிக்கு சர்வீஸ் செத்துவிடுகிறது. மெமரிதான் காரணமா?

'மெமரி.ஈவென்ட்ஸ்' ஃபைலில் 'ஊம்_கில்' (மெமரி தீர்ந்து கொல்லப்பட்ட ப்ராசஸ் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லாவிட்டால் ஆமாம். சர்வீஸ் நின்றால் அந்த ஃபோல்டரே போய்விடும், அப்போது கெர்னல் பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -கே'யில் அந்த நேரத்தைத் தேடுங்கள். கெர்னல் 5.19 அல்லது அதற்கு மேல் என்றால் 'மெமரி.பீக்' உச்ச அளவையும் வைத்திருக்கும். 1:55-க்கு கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுவது) அதை ஒரு ஃபைலில் எழுத வைத்து, மறுநாள் அனுப்புங்கள், பார்க்கிறேன்.