வாசகர் கேள்வி – பதில்: பகிர்ந்தவருக்கும் பொறுப்பு உண்டா?

கேள்வி: கடந்த தேர்தலில், வாக்களிப்புக்கு முதல்நாள் இரவு, கனடாவில் இருக்கும் என் மச்சாள் ஒரு குரல்பதிவு அனுப்பினார். எங்கள் பகுதியில் போட்டியிட்ட ஒருவர் 2009இல், போரின் கடைசி மாதங்களில், சனத்தைக் கைவிட்டு, காசு வாங்கிக்கொண்டு வெளியேறியவர் என்று அதில் யாரோ சொன்னார்கள். நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. வந்ததை அப்படியே மாதர் சங்க வட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதில் என் பிழை என்ன?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: குரல் உங்களுடையதல்ல, ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் பேச்சை உங்கள் அயலவர்கள் காதுகொடுத்துக் கேட்டது, அதை அனுப்பியவர் நீங்கள் என்பதால்தான். ஆகவே பொறுப்பிலும் உங்களுக்குப் பங்குண்டு.

அது வந்த நேரத்தையும் கவனியுங்கள். வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியாலங்களில் பிரசாரம் செய்ய வேட்பாளருக்குத் தடை உள்ளது. அவர் சட்டப்படி வாய்மூடியிருக்கும் இரவில் வரும் குற்றச்சாட்டு, பதில் வரக்கூடாது என்பதற்காகவே அனுப்பப்படுகிறது என்று நான் கருதுகிறேன். மேலும், கட்சிக்கு வாக்களித்து, அதன் பட்டியலில் விரும்பியவர்களையும் தெரிவுசெய்யும் விருப்பு வாக்கு முறையில் ஒரே பட்டியலில் இருப்பவர்களும் ஒருவரோடொருவர் போட்டியிடுவதால், இத்தகைய பதிவு சொந்தக் கட்சிக்குள்ளிருந்தே கிளம்பவும் கூடும்.

வன்னியில் இந்தப் பழி வேறெங்கையும்விடக் கொடியது. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, பின்னர் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல குடும்பங்களிடம் அடையாள அட்டைகூட மிஞ்சவில்லை. அப்படியிருக்க, அந்த மாதங்களில் தான் எங்கே நின்றேன் என்பதை ஒருவர் எந்தக் கடதாசித் துண்டைக் காட்டி நிரூபிப்பார்? நிரூபிக்கவே முடியாத ஒன்றைக் கேட்டு ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைப்பது பெரும் அநியாயம்.

வேட்பாளரை விமர்சிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை; கட்டாயம் விமர்சியுங்கள். இராணுவம் பிடித்த கேப்பாப்பிலவுக் காணிகளின் விடுவிப்புக்கு அவர் என்ன செய்தார், பிரதேச சபையில் இருந்தபோது எதற்குக் கை உயர்த்தினார் என்று உங்கள் பெயரிலேயே கேளுங்கள். அவற்றுக்கு அவரால் பதில் சொல்ல முடியும்.

மச்சாளின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் வெளிநாட்டில் இருந்துகொண்டு இலங்கைத் தேர்தலில் வாக்களிக்க வழியில்லை. முடிவின் பலாபலன் முழுவதும் உங்கள் ஊருக்குத்தான். இனி ஏதும் வந்தால், யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

தேர்தல் முடிந்துவிட்டது என்று இதை விட்டுவிடாதீர்கள். பதிவை அழித்தாலும், மற்றவர்கள் வேறு குழுக்களுக்கு அனுப்பியது அங்கேயே இருக்கும். விசாரிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்று அதே குழுவில் எழுதுங்கள்; கைபேசி இல்லாதவர்களும் வாய்வழியாகக் கேட்டிருப்பார்கள் என்பதால், அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நேரிலும் சொல்லுங்கள்.