நெஞ்சு கருகுகிறது, தொடை வேகவில்லை: வான்கோழி

ஓவனில் வேகும் வான்கோழியின் நெஞ்சு கருகத் தொடங்கியும் தொடை இன்னும் வேகவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நெஞ்சுப் பகுதியை மட்டும் அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, ஓவனை 165 பாகை செல்சியஸுக்குக் குறைத்துத் தொடர்ந்து வேகவிடுங்கள். தோல் சிவந்துவிட்டது என்பதற்காக இப்போதே வெளியே எடுத்துவிட வேண்டாம்.

உறைந்த 5 கிலோ வான்கோழியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு மட்டும் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுவே காரணம். ஏறத்தாழ 2 கிலோவுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது முழுதாக இளக இரண்டரை நாளாவது வேண்டும். வெளிப்புறம் இளகியதாகத் தோன்றினாலும், வயிற்றுக் குழியில் எஞ்சிய பனிக்கட்டி தொடையின் உட்பகுதியை நெடுநேரம் குளிராகவே வைத்திருக்கும்.

இறைச்சி வெப்பமானியைத் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாதவாறு செருகிப் பாருங்கள். எலும்பில் பட்டால் அளவு தவறாகக் காட்டும். அங்கும், நெஞ்சிலும், உள்ளே கலவை அடைத்திருந்தால் அதன் நடுவிலும் 74 பாகை காட்ட வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், நன்றாக வெந்த இறைச்சியும் எலும்போரம் இளஞ்சிவப்பாக இருக்கக்கூடும்.

அடுத்த முறை அவசரமென்றாலும், கொழும்பின் வெக்கையில் சமையலறை மேசைமீது இளகவிடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், ஏனெனில் உள்ளே உறைந்திருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமிகள் பெருகிவிடும். நீர் புகாத பையிலிட்டுக் குளிர்நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றினால், ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் இளகிவிடும். அதன்பின் தாமதிக்காமல் சமைத்துவிட வேண்டும்.