உறையின் பின்பக்கம்: ஜாஸ் இசைத்தட்டுகள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சபர் (வெளிநாட்டுப் பயணம்) முடிந்து வந்த மச்சான், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பழைய எல்.பி. இசைத்தட்டு ஒன்று கொண்டுவந்தார். கீபோர்டை வைத்துக்கொண்டு கேட்டால் முதல் பக்கம் சுருதி சேரவில்லை, கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. டர்ன்டேபிள் கோளாறா?
— ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: மறுபக்கத்தைப் போட்டுப் பாருங்கள். அங்குள்ள 'ஆல் ப்ளூஸ்' கீபோர்டோடு ஒட்டுகிறது, முதல் பக்கத்து 'சோ வாட்' மட்டும் ஒட்டவில்லை என்றால் உங்கள் மெஷின் மேல் பழி இல்லை. கோளாறு 1959லேயே நடந்தது.

இந்த ஆல்பம் நியூயார்க்கில், கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் இரண்டே நாளில் பதிவானது: மார்ச் 2, ஏப்ரல் 22. மார்ச்சில் பதிவான மூன்று உருப்படிகளும் முதல் பக்கத்தில் உள்ளன. அன்று டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடிவிட்டது. அப்படிப் பதிவான டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும். அந்த ஏற்றத்தோடேயே தட்டு அச்சானது. 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் திருத்தினார்கள். ஏற்றம் அரைக் கட்டைக்கும் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளிக்கும்) குறைவுதான். ஆனால் கூடவே வாசிக்கும் ஆளுக்கு அது பல்லில் பட்ட மணல் மாதிரி இருக்கும்.

'சோ வாட்' சரியான சுருதியில் 2 கட்டை (கீபோர்டில் D). சுரங்களைப் பார்த்தால் நம் கரகரப்ரியா. 2 கட்டையில் 16 அளவு (நான்கு எண்ணிக்கை கொண்ட 'பார்'), அப்படியே 2½ கட்டைக்கு ஏறி 8 அளவு, மறுபடி 2 கட்டைக்கு இறங்கி 8 அளவு. இந்த 32தான் சுற்றிச் சுற்றி வருகிறது. உங்கள் தட்டில் தொடக்கமே இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் தொங்கினால் பழைய பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் சேரவில்லை என்றால் மெஷினைச் சோதியுங்கள். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒட்டி, 3 நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 33⅓ வேகத்துக்குச் சரியாக 100 வர வேண்டும். 106 வந்தால் அரைக் கட்டை ஏறிவிட்டது என்று அர்த்தம். பெல்ட் தளர்ந்தால் மெதுவாகத்தான் ஓடும். வேகமாக ஓடுகிறது என்றால் மோட்டாரின் வேகத் திருகைப் பாருங்கள்.

இன்னொன்று. முதலில் அச்சான தட்டுகளில் இரண்டாம் பக்கத்துப் பெயர்கள் இடம் மாறியிருந்தன. ஆறு எண்ணிக்கையில் ஊஞ்சல் ஆடுவதுதான் 'ஆல் ப்ளூஸ்', லேபிளில் என்ன போட்டிருந்தாலும். பியானோ முழுக்க பில் எவன்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள்; 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' ஒன்றில் மட்டும் விண்டன் கெல்லி.

கேள்வி: டேவ் புரூபெக் குவார்டெட்டின் 'டேக் ஃபைவ்' கண்டசாபுதானே? மிருதங்கத்தில் கூட வாசித்தால் இடறுகிறது.
— ஒரு மாணவர், மண்டபம்

பதில்: ஐந்து சரி, பிரிப்பு வேறு. கண்டசாபு 2+3: தக தகிட. 'டேக் ஃபைவ்' 3+2: தகிட தக. நீங்கள் தட்டும் இரண்டாவது அடி அவர்கள் அடியோடு முட்டுகிறது, அதுதான் இடறல். டிரம்ஸை விட்டுவிட்டு புரூபெக்கின் பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜோ மொரெல்லோ டிரம்ஸ் தனி வாசிக்கும்போதும் அது அசையாமல் அதே 3+2ஐ வாசித்துக்கொண்டே இருக்கும். இயற்றியவர் புரூபெக் அல்ல, ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட்.

அதே 'டைம் அவுட்' (1959) ஆல்பத்தின் முதல் உருப்படி 'ப்ளூ ரோண்டோ அ லா டர்க்' உங்களுக்கு இன்னும் பிடிக்கும். ஒன்பது, 2+2+2+3: தகதிமி தகதகிட, அச்சு அசல் சங்கீர்ணம். மூன்று முறை இப்படி வந்து, நான்காவது முறை மட்டும் தகிட தகிட தகிட என்று திரும்பும்.

கேள்வி: வீடு கடலுக்கு மிக அருகில். தட்டுகளில் பூஞ்சை, ஓயாத கரகரப்பு. சில நாள் ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசுகிறது.
— ஒரு வாசகி, பாம்பன்

பதில்: இரண்டு வேறு நோய்கள். ஸ்பீக்கர் பேசாததற்குக் காரணம் உப்புக்காற்று. மெஷினை அணைத்துவிட்டு, பின்னால் செருகியிருக்கும் சிவப்பு, வெள்ளை பின்களை உருவி, நாலைந்து தடவை திருகித் திருகிச் செருகுங்கள். பாசி பிடித்திருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு போதும்.

பூஞ்சை தட்டில் பிறப்பதில்லை, உள்ளே இருக்கும் காகித உறையில் பிறக்கிறது. அதனால் தட்டைக் கழுவிப் பழைய காகிதத்திலேயே போட்டால் பத்து நாளில் திரும்ப வரும். உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாற்றுங்கள். வெளி அட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யார் யார் வாசித்தார்கள் என்ற விவரம் அதில்தான் இருக்கிறது.

கழுவ: காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மென்மையான துணியில் நனைத்து, வரிப்பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறும். லேபிளில் ஈரம் படக்கூடாது. கடைசியாக வடித்த நீரை மட்டும் தொட்டு இன்னொரு தடவை. போர் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்தில் படிந்தால், முன்பிருந்த கரகரப்பே மேல் என்றாகிவிடும். வீட்டில் பழைய 78 வேகத் தட்டுகள் இருந்தால் அவற்றுக்கு ஆல்கஹால் கலக்காதீர்கள். அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.

காயவைக்க நிழல், ஜன்னல் சாத்திய அறை. தட்டுகளை நிற்க வையுங்கள், படுக்க வைத்து அடுக்கினால் வளையும். கடல் பார்த்த சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு முழம் மேலே. பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டிவைப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சைக்கே சாப்பாடு போடுகிறோம். வாய் திறந்த கவர், அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம்.

முள்ளையும் பாருங்கள். 500 மணி நேரம் தாண்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். முள் தட்டை அழுத்தும் எடை பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களுக்கு (முள் பொருத்திய முனை) 1.5 முதல் 2 கிராம். குறைத்து வைத்தால் தட்டு தேயாது என்பது தப்புக்கணக்கு: முள் பள்ளத்தில் துள்ளி, கனத்த முள்ளைவிட அதிகமாகக் கெடுக்கும்.

கேள்வி: 'கைண்ட் ஆஃப் ப்ளூ', சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெய்ன்', 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' மூன்றும் கேட்டாயிற்று. அடுத்து எது?
— ஒரு வாசகர், தொண்டி

பதில்: நீங்கள் சொன்ன மூன்றிலும் பொதுவாக ஒருவர் இருக்கிறார், கவனித்தீர்களா? பாஸ் வாசித்த பால் சேம்பர்ஸ். 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' கடைசி உருப்படி 'மிஸ்டர் பி.சி.' அவர் பெயரில்தான். 1969இல் 33 வயதில் இறந்துபோனார். அதற்குள் வாசித்தவை மலை போல. டிரம்பெட்டையும் சாக்ஸபோனையும் தொடர்வதைவிட, பாஸ்காரர் பின்னால் போனால் புதிய வீடுகளில் நுழையலாம் என்பது நம் கட்சி.

முதலில் 'ஆர்ட் பெப்பர் மீட்ஸ் தி ரிதம் செக்‌ஷன்' (1957). மைல்ஸின் பக்கவாத்தியமான ரெட் கார்லண்ட், சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் மூவரோடு ஆர்ட் பெப்பர் என்ற கலிபோர்னியாக்காரர் ஆல்டோ வாசிக்கிறார். பிறகு ஆலிவர் நெல்சனின் 'தி ப்ளூஸ் அண்ட் தி அப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்' (1961): பில் எவன்ஸ், சேம்பர்ஸ், கூடவே ஃப்ரெடி ஹப்பர்ட், எரிக் டால்ஃபி. டால்ஃபியின் காற்று பிடித்துவிட்டால் உங்கள் பாதை வேறு திசையில் போய்விடும், போகட்டும்.

'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' தட்டிலேயே 'நெய்மா'வை மறுபடி கேளுங்கள். மற்ற உருப்படிகளில் பியானோ டாமி ஃப்ளனகன். இதில் கெல்லி, சேம்பர்ஸ், ஜிம்மி காப், அதாவது 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' கூட்டணி அப்படியே. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாஸ் இருந்த இடமே தெரியாது. சாதாரண ஹெட்போனே போதும்.

கேள்வி: ஜாஸில் நாகசுரம் உண்டா?
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: உண்டு. ஜெர்மானிய பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' ஆல்பத்தில் (பதிவு 1975) சார்லி மரியானோ சோப்ரானோ சாக்ஸபோனோடு நாகசுரமும் ஷெனாயும் வாசிக்கிறார். சார்லஸ் மிங்கஸின் 1963 ஆல்பமான 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் ஆல்டோவைக் கதறவிட்டவர் இவர்தான். நாகசுரத்தின் சீவாளிக்கு இரட்டை நாக்கு, சாக்ஸபோனுக்கு ஒற்றை. இரண்டையும் மாறி மாறி ஊத உதடு பழகுவது லேசில்லை. கோயில் வாசல் கம்பீரத்தை எதிர்பார்த்துக் கேட்காதீர்கள்.

கேள்வி: நம் ராமநாதபுரத்துக்கும் இந்த உலகத்துக்கும் ஏதாவது தொடர்பு?
— ஒரு வாசகி, ராமநாதபுரம்

பதில்: கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் தொடங்கிய 'சக்தி' குழுவின் முதல் ஆல்பத்தை எடுங்கள். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது, 1976இல் வெளிவந்தது. வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் சகோதரர்தான் ராகவன். இருவருமே அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர்கள். 'சக்தி' என்றாலே பலரும் ராகவன் நீங்கலாக மற்ற நால்வரைத்தான் சொல்வார்கள், காரணம் அடுத்த இரண்டு தட்டுகளில் அவர்கள் நால்வர் மட்டுமே. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' என்று போட்டிருந்தால் அதில் ராகவனைத் தேடாதீர்கள். தாளத்தோடு கேட்க 'ஜாய்' சரியான இடம், பதினெட்டு நிமிடம் ஓடும்.