வாசகர் கேள்வி – பதில்: கண்டியில் ஏன் இந்தியத் தூதரகம்?

கேள்வி: தலைநகர் கொழும்பாக இருக்க, இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் கண்டியிலும் இருப்பது ஏன்? – வாசகர், ஹட்டன்

பதில்: இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு முன்பே இந்தியாவுக்குக் கண்டியில் அலுவலகம் இருந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் நலனைக் கவனிக்க, 1923இல் இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் இங்கே நியமிக்கப்பட்டார். சம்பளம், கடன், லயன் அறைகள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் நிலை, பிறப்பு இறப்பு ஆகியவற்றை அவர் ஆண்டுதோறும் அறிக்கையாக எழுதி அனுப்பினார். நம் முன்னோரின் வாழ்வை அறிய விரும்புவோர் அவசியம் தேடிப் படிக்க வேண்டிய ஆவணங்கள் அவை.

1943இல் எம். எஸ். ஆனே இந்திய அரசின் பிரதிநிதியாக இலங்கைக்கு வந்தார். 1947இல் உயர்ஸ்தானிகராகப் பொறுப்பேற்ற வி. வி. கிரி, பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய ஒருவர் அப்பதவிக்கு வந்தது பொருத்தமே. ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதை எந்தத் தூதராலும் தடுக்க முடியவில்லை.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இவ்வாறு நாடற்றிருந்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்கவும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சமமாகப் பகிர்ந்துகொண்டன. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றவர்கள் ரயிலில் தலைமன்னார் சென்று கப்பலேறினார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்த கொடுமை பல தோட்டங்களில் நிகழ்ந்தது. கண்டி அலுவலகம் இன்றும் இயங்கி வருகிறது.