எருசலேம் ஆலயத்துக் காசுக்காரர்களும் இன்றைய நாணயமாற்றுக் கடைகளும் ஒன்றுதானா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம்: சபையிலிருந்து குழுவாக எருசலேம் போகிறீர்கள். ராயனின் (ரோமப் பேரரசரின்) தலை பொறித்த காசு ஆலயத்துக்குள் தீட்டு என்பதைச் சாக்காக வைத்து, அங்கே காசு மாற்றிக்கொடுத்த காசுக்காரர்கள் ஜனங்களை உறிஞ்சினார்கள் என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். பயணத்துக்கு டாலர் விசாரிக்கப் போனால் கடையிலும் அதே கதை நடப்பதாகத் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ஆனால் வித்தியாசம் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. முதலில் அந்த ‘ராயன் தலை’ விளக்கத்தைச் சரிசெய்துவிடுகிறேன். ஊர் ஊராகச் சொல்லப்படும் விளக்கம் அது, அடிப்படையே தவறு.

யூத ஆண்கள் வருஷந்தோறும் கட்டிய ஆலய வரிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது, இன்றைய லெபனானில் இருக்கும் தீரு பட்டணத்து வெள்ளிக்காசு. கி.மு. 126 வாக்கில் தொடங்கி கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் அச்சடிக்கப்பட்டது. அதன் ஒரு பக்கம் மேல்கார்ட் என்ற தீருவின் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. அந்நிய தெய்வத்தின் முகம் பொறித்த காசைத்தான் ஆலயம் விரும்பி வாங்கியது. அப்படியென்றால் உருவம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை வெள்ளி. தீருவின் சேக்கல் ஏறக்குறைய 14 கிராம், வெள்ளி 90 சதவீதத்துக்கு மேல். அந்த வட்டாரத்தில் புழங்கிய மற்ற வெள்ளிக்காசுகள் பலவற்றில் கலப்பு அதிகம், எடையும் ஆளுக்கொரு மாதிரி. வருஷா வருஷம் லட்சக்கணக்கில் ஒரே அளவு வசூலிக்கும் இடம், நம்பகமான காசைத் தேர்ந்தெடுத்தது. இன்றைக்கு உலக வர்த்தகம் டாலரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே காரணம்தான்.

வரியின் அளவு யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இருபது வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு ஆணும் அரைச்சேக்கல். பணக்காரன் கூடக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைக்கக் கூடாது. அன்றாடப் பலிகள் இந்தப் பொதுப்பணத்தில்தான் வாங்கப்பட்டன. எல்லாருக்கும் அதில் சம பங்கு என்பதால்தான் ஒரே அளவு. வசூல் நடைமுறையை, ரபிகள் என்ற யூத மத அறிஞர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ‘ஷெகாலிம்’ என்ற பகுதி விவரிக்கிறது. யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 1-ஆம் தேதி அறிவிப்பு. 15-ஆம் தேதி வெளியூர்களில் காசுமாற்றும் பலகைகள் போடப்படும். 25-ஆம் தேதி பலகைகள் ஆலயத்துக்கு வரும், அதன் பிறகு கட்டாதவர்களிடம் அடகு வாங்கத் தொடங்குவார்கள். அதாவது இது வழிப்பறிக் கும்பல் போட்ட கடை அல்ல. தேதி குறித்து நடந்த அரசுத்துறை வசூல் மாதிரி.

இப்போது கட்டணத்துக்கு வருவோம், விஷயமே இங்கேதான் இருக்கிறது. மாற்றுக்கூலிக்குப் பெயர் கல்போன். அதன் அளவு ஒரு மாஆ, அதாவது ஒரு சிறு வெள்ளிக்காசு, என்கிறார் ரபி மெய்ர். மற்ற அறிஞர்கள் அரை மாஆ என்கிறார்கள். ஒரு தினாருக்கு ஆறு மாஆ, அரைச்சேக்கலுக்கு இரண்டு தினார், ஆக அரைச்சேக்கல் என்பது 12 மாஆ. மெய்ர் கணக்கில் கூலி பன்னிரண்டில் ஒரு பங்கு, 8.3 சதவீதம். மற்றவர்கள் கணக்கில் இருபத்துநான்கில் ஒரு பங்கு, 4.2 சதவீதம். ஏழை அண்டை வீட்டுக்காரனுக்காக வரியைத் தானமாகக் கட்டினால் கல்போன் கிடையாது. அதையே கடனாகக் கட்டினால் உண்டு. முழுச்சேக்கலை நீட்டி அரைச்சேக்கலை மீதியாக வாங்கிக்கொண்டால் இரண்டு கல்போன், ஏனென்றால் அங்கே நடந்தது வரியும் ஒரு சில்லறை மாற்றலும்.

அந்தக் கடைசி விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பயணத்தில் தேவைப்படும்.

அந்தக் கூலி யாருக்குப் போயிற்று என்பதில் ரபிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வரிப்பணத்தோடு சேர்ந்தது என்று ஒருவர், காணிக்கைப் பலிக்கு என்று ஒருவர், மகா பரிசுத்த ஸ்தலத்தின் தங்கத் தகடுகளுக்கு என்று ஒருவர். காசுக்காரர் தங்கள் கூலியாக எடுத்துக்கொண்டார்கள் என்பவர் பென் அசாய். ‘மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில், ஆலயம் இடிந்தது 70-இல், இதை எப்படி நம்புவது’ என்று யாராவது கீழே கருத்துப் பகுதியில் வந்து கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு வரியும் நேரில் பார்த்தவர் எழுதியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூலி எவ்வளவு, யார் கட்ட வேண்டும், யாருக்கு விலக்கு என்று வெளிப்படையாக வாதாடும் மரபை ‘ரகசியக் கொள்ளை’ என்று ஒற்றை வரியில் முடிக்க முடியாது. காணிக்கை அறைக்குள் பணம் அள்ளப் போகிறவர் மடித்துத் தைத்த விளிம்புள்ள உடையோ செருப்போ அணியக் கூடாது என்றும் அதே பகுதி சொல்கிறது. பிற்பாடு அவர் பணக்காரராகிவிட்டால் அறையிலிருந்து எடுத்தார் என்று ஜனங்கள் பேசுவார்கள் என்பது காரணம். கடவுளுக்கு முன் சுத்தமாக இருந்தால் போதாது, மனிதருக்கு முன்னும் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

பிறகு ஏன் இயேசு ஆலயத்தில் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்த்தார்? நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் அல்ல, வசனத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். மத்தேயு 17-இல் இயேசு இதே வரியைத் தனக்கும் பேதுருவுக்குமாகக் கட்டச் சொல்கிறார். அதற்காக ஒரு மீனின் வாயில் கிடைக்கும் என்று அவர் சொன்ன காசு முழுச்சேக்கல் மதிப்புள்ளது, இரண்டு பேருக்குக் கணக்காகச் சரி. மத்தேயு 25-இல் தாலந்து உவமையில், பணத்தைக் காசுக்காரர் வசத்தில் போட்டிருந்தால் வட்டியாவது கிடைத்திருக்குமே என்று எஜமான் கேட்கிறான். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், காசுக்காரர். கிரேக்கத்தில் வேறு வேறு: ஆலயத்தில் இருந்தவர் கொல்லுபிஸ்தேஸ், மாற்றுக்கூலியின் பெயரால் வந்த சொல், உவமையில் வருபவர் திரபெசீதேஸ், பலகைக்காரர். கிரேக்க நாட்டில் இன்றைக்கும் வங்கிக்குத் ‘திராபெசா’, அதாவது மேசை என்றுதான் பெயர்.

ஆகவே தொழிலே பாவம் என்ற வாசிப்பு நிற்காது. பலகைகளைக் கவிழ்த்தபோது இயேசு சொன்ன ‘கள்ளர் குகை’ என்பது பழைய ஏற்பாட்டில் எரேமியா 7-இல் வரும் சொல். குகை என்பது கள்ளர் திருடும் இடம் அல்ல, வெளியே செய்துவிட்டு வந்து பத்திரமாக ஒதுங்கும் இடம். அநியாயம் செய்துவிட்டு ஆலயத்தில் வந்து நின்றால் போதும் என்று நினைத்தவர்களைத்தான் எரேமியா திட்டுகிறார். மாற்கு இன்னொன்றும் சொல்கிறார்: ஆலய வழியாக யாரும் சாமான் தூக்கிக்கொண்டு போகவும் இயேசு விடவில்லை. இடத்தைப் பற்றிய கோபம் அது.

விலையைப் பற்றிய கோபமும் இருந்திருக்கலாம், ஆனால் என் பார்வையில் அது காசுப் பலகையைவிட, ஆலயத்தில் பலிக்காக விற்ற புறாக் கூண்டுக்கே பொருந்தும். பிரசவித்த பெண்கள் கொண்டுவர வேண்டிய பறவை ஜோடி எருசலேமில் ஒரு பொன் தினாருக்கு ஏறிய கதை மிஷ்னாவிலேயே இருக்கிறது. பொன் தினார் என்பது 25 வெள்ளி தினார். ரபான் சிமியோன் பென் கமலியேல், ஐந்து பிரசவத்துக்கும் சேர்த்து ஒரே பலி கொடுத்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கே விலை கால் வெள்ளி தினாருக்கு விழுந்தது. கட்டாயத் தேவை, ஒரே சந்தை, வேறு வழியில்லாத ஏழை. இந்த மூன்றும் சேர்ந்தால் விலை எங்கே போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நான் பார்த்ததில்லை.

பலகை கவிழ்த்த சம்பவத்தைக் காட்டி ‘உலக வங்கிகளை ஆட்டிவைப்பது அந்தக் காசுக்காரர்களின் வாரிசுகள்’ என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதைத் தயவுசெய்து பரப்பாதீர்கள். காசு மாற்றியவரும் யூதர், வரி கட்டிய ஏழையும் யூதர், பலகையைக் கவிழ்த்தவரும் யூதர். ஓர் இனத்தின் மேல் பழிபோட இதில் எதுவும் இல்லை.

தொழில் நம் மொழிக்கும் புதிதல்ல. சங்கப் புலவர் பெயர்களில் வரும் ‘வண்ணக்கன்’ என்பது நாணயம் பரிசோதிப்பவரைக் குறிக்கும் சொல். காசு மாற்றுபவரைக் குறிக்கும் சராப் என்பது அரபு ‘சர்ராஃப்’ வழி வந்தது. இஸ்லாமியச் சட்டத்தில் காசு மாற்றலுக்குத் தனி விதியே உண்டு: வெள்ளிக்கு வெள்ளி சம எடை, தங்கத்துக்கு வெள்ளி என்றால் விலை உங்கள் விருப்பம், ஆனால் கைக்குக் கை, அந்த இடத்திலேயே. இப்போது வாங்கிப் பிறகு தருகிறேன் என்பது கூடாது.

இனி உங்கள் டாலர். கடைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம்; வாடகை, நோட்டை விமானத்தில் வரவழைக்கும் செலவு, கள்ளநோட்டு ஆபத்து எல்லாம் அவர்களுக்கு உண்டு. கூலி வாங்கட்டும். கூலியை மறைப்பதுதான் எனக்கு ஆகாதது. ‘கமிஷன் இல்லை’ என்று பலகை வைத்திருப்பார்கள், கமிஷன் விலைக்குள்ளேயே இருக்கும்.

கணக்குக்காக, சந்தையின் நடுவிலை (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது) டாலருக்கு 85 ரூபாய் என்று வையுங்கள். கடை 87-க்கு விற்கிறது, 82.50-க்குத் திரும்ப வாங்குகிறது. 1,000 டாலர் வாங்கினால் 87,000 ரூபாய், நடுவிலையைவிட 2,000 கூடுதல். ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், ஆனால் முழுத்தொகைக்கு அல்ல. பெரும்பாலான கடைகள் பின்பற்றும் முறையில், ஒரு லட்சம் ரூபாய் வரை தொகையின் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாய்) சேவை மதிப்பாக எடுத்து அதன்மேல் வரி. இங்கே 870-க்கு 18 சதவீதம், 156.60 ரூபாய். பயணத்தில் 800 செலவழித்து 200 டாலரைத் திருப்பிக் கொடுத்தால் 16,500 கிடைக்கும், நடுவிலைக்கு 500 குறைவு, ஜிஎஸ்டி 45. மொத்தம் 2,701.60 ரூபாய். செலவழித்த 800 டாலரின் நடுவிலை மதிப்பு 68,000. நீங்கள் கொடுத்த கூலி ஏறக்குறைய 4 சதவீதம். ரபிகள் சொன்ன அரை மாஆ 4.2 சதவீதம். ஒரே வித்தியாசம், அங்கே அதற்கு ஒரு பெயர் இருந்தது, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதனால் கடையில் ‘இன்றைக்கு ரேட் என்ன’ என்று கேட்காதீர்கள். ‘வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 1,000 டாலருக்கு என் கையிலிருந்து எவ்வளவு போகும், அப்படியே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு வரும்’ என்று இரண்டு எண்ணையும் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் கடையின் உண்மையான விலை. இரண்டு மூன்று கடைகளில் ஒரே மணி நேரத்துக்குள் கேட்டால்தான் ஒப்பிட முடியும். ரிசர்வ் வங்கியின் உரிமம் உள்ள கடையா என்று பாருங்கள், பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் எடுத்துப் போங்கள். ரூபாய் 50,000-க்கு மேல் போனால் ரொக்கம் கூடாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரை வாங்கலாம். இஸ்ரேலுக்கும் இதே வரம்புதான். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், மீதியைத் திருப்பும்போது உதவும். திரும்பி வந்து 180 நாளுக்குள் மீதியை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

இப்போது அந்த இரண்டு கல்போன். ரூபாயை டாலராக மாற்றி, அங்கே டாலரை ஷெக்கலாக (இஸ்ரேலின் இன்றைய நாணயம்) மாற்றினால் இரண்டு முறை இடைவெளி கொடுக்கிறீர்கள். ஊரிலேயே ஷெக்கல் கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். எப்போதும் அப்படி அல்ல. அதிகம் புழங்காத நாணயத்துக்கு இங்கே இடைவெளி மிக அகலம், இரண்டு மாற்றலின் கூலியையும் ஒரே இடத்தில் பிடித்துவிடுவார்கள். இரண்டு வழியையும் ரூபாயில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டு தேய்த்தால், பல இந்திய கார்டுகளில் வெளிநாட்டுக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13. கடைக்காரரின் கருவி ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, ஷெக்கலிலா’ என்று கேட்டால் ஷெக்கல் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அந்தக் கருவியின் விலையில் மாற்றுவார்கள். அதன் பிறகும் உங்கள் வங்கி தன் பங்கைப் பிடிக்கக்கூடும்.

கேட்காததைச் சொல்கிறேன், மன்னியுங்கள். நம் ஊரில் எத்தனை கடைகளில் இன்றைக்கும் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கிறார்கள்! பதினான்கு வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே விட்டது. தீருக் காசை ஆலயம் கேட்டதற்கு வெள்ளி என்ற காரணமாவது இருந்தது. இங்கே ஒரு வதந்தியை வைத்து, பூக்காரம்மாவின் சுருக்குப்பையில் இருக்கும் பணத்தைச் செல்லாக்காசு ஆக்குகிறார்கள். அந்த அம்மா யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

கடைசியாக ஒன்று. டாலர் நோட்டு கசங்காமல், கிறுக்கல் இல்லாமல் வாங்குங்கள், மடிக்காமல் வையுங்கள். கிழிசல் இருந்தால் விலையைக் குறைப்பார்கள். ஷெக்கல் சில்லறையை நம் ஊர்க் கடைகள் திரும்ப வாங்காது, விமானம் ஏறுவதற்கு முன்பே அங்கேயே செலவழித்துவிடுங்கள்.